உப்பு வயலில் நின்ற நெல்

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுகளுக்குப் போகும் கப்பல்களின் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. "ஹேவ்லாக் ஃபுல், நீல் ஃபுல், நாளைக்கு வாங்க" என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லிச் சொல்லி, இல்லை என்ற சொல் என் வாய்க்கு நன்றாகப் பழகிவிட்டது. வீட்டிலும் அதே கவுண்டர்தான் திறந்திருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அவர் கப்பலில் சமையல்காரர். தான் மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பதால்தான் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவள். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு வயலை வைத்துக்கொண்டு அப்படி நின்றேன். நின்றதில் பாதி சரி, பாதி படுமுட்டாள்தனம். எந்தப் பாதி எது என்று எனக்கே தெரிய இரண்டு போகம் ஆனது.

எங்கள் வீடு வண்டூரில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சரிவின் மேல் இருக்கிறது. அப்பா ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்கு, ஜெட்டியில் மூட்டை தூக்க வந்தவர். முதுகு ஒடிந்து சேர்த்ததில் இந்த நிலத்தை வாங்கினார். வீட்டை ஒட்டி மேல்வயல். அதற்குக் கீழே உப்பங்கழி வரைக்கும் கீழ்வயல். மேல்வயல் சின்னது, அதில் பாதிக்கு அம்மா கீரையும் வெண்டையும் போடுவாள். நெல் என்றால் கீழ்வயல்தான். ஜூன் மழைக்கு நாற்று விட்டு, ஆடி ஆவணியில் நட்டு, தை பிறப்பதற்குள் அறுத்துவிடுவோம். ஆளுயரம் வளரும் பழைய நெல். பர்மா பக்கமிருந்து வந்த விதை என்பார்கள்.

சுனாமி அன்று கடல் ஏறியது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் நிலம் இறங்கியது. அலை வந்தது, போனது. இறங்கிய நிலம் இறங்கியதுதான். அறுப்புக்கு நின்ற நெல் நின்றபடியே உப்பில் வெந்தது. மறுநாள் கடல் ஏற்றத்துக்கு உப்பங்கழித் தண்ணீர் கீழ்வயலுக்குள் வந்தது, வற்றத்துக்குப் போனது, அடுத்த ஏற்றத்துக்குத் திரும்பவும் வந்தது. கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும் என்று அப்பா தினமும் வரப்பில் நின்று பார்த்தார். ஆகவில்லை.

பாக்கு மரங்கள் முதலில் செத்தன. தென்னைகள் இரண்டு வருடம் தாக்குப் பிடித்துவிட்டு, பிறகு தலையில்லாமல் நின்றன. அதற்குள் புது ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். முருங்கைக்காய் மாதிரி நீண்ட விதைகள் மிதந்து வந்து எங்கள் வரப்பில் குத்திட்டு நின்று, கண்டல் கன்றுகளாக இலை விட்டன. நாற்றங்கால் இருந்த இடத்தில், கண்ணை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, சேற்றில் தத்திப் போகும் மீன்கள் விளையாடின. மழைக்காலத்துத் தவளைச் சத்தம் ஒரு வருடம் அடியோடு நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வேறு குரலாக இருந்தது. உப்புத் தண்ணீரிலும் இருக்கக்கூடிய வேறொரு தவளை அது. காட்டு வாத்துகள் சீழ்க்கையடித்துக்கொண்டு கூட்டமாக வந்து இறங்கின. முதலை நடமாட்டம், ஜாக்கிரதை என்று ஒரு போர்டு வைத்தார்கள்.

எனக்கு அப்போது வந்தது வருத்தமில்லை, கோபம். மீனுக்கும் தவளைக்கும் ஒரு செடிக்கும்கூட அந்த இடத்தில் பிழைக்க வழி தெரிந்திருந்தது. நாங்கள் மட்டும் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம், நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றோம். நெல்லுக்கு மட்டும் ஏன் வழியில்லை என்று கேட்டேன். யாரிடம் கேட்டாய் என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே கேட்டுக்கொண்டதுதான்.

பல வருடம் கழித்து உப்பங்கழிக்குக் குறுக்கே மண்கரை போட்டு மதகு வைத்தார்கள். ஏற்றத் தண்ணீர் நின்றது, ஆனால் உப்பு மண்ணுக்குள் குடியிருந்தது. மழையில் கீழே இறங்கும், வெயில் வந்ததும் வெள்ளையாக மேலே பூக்கும். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நிலம் அண்ணன் பேருக்கும் என் பேருக்கும் வந்தது.

அண்ணன் தீவுகளுக்கு இடையே ஓடும் படகில் எஞ்சின் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். டவுனில், மரைன் ஹில்லில் வீடு. ஒரு பொருள் ஓடவில்லை என்றால் ஒன்று ரிப்பேர் செய்ய வேண்டும், இல்லை கழற்றிப் போட வேண்டும், நடுவில் ஒன்றும் கிடையாது அவருக்கு. ஒரு பொங்கல் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, கீழ்வயலில் மீன் குளம் வெட்டப் போவதாகச் சொன்னார்.

"பாப்பா, அந்த நெலம் கதம், முடிஞ்சு போச்சு. மான் லே, ஒத்துக்கோ. மீன் விட்டா ஒரே வருஷத்துல பலன் தெரியும்."

"நெல்லு வரும்ணே."

"எப்படி வரும்?"

"கண்டல் வந்துச்சுல்ல. தவள வந்துச்சுல்ல."

அண்ணன் சிரித்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உனக்குக் கடலே உப்பிட்டிருக்கு. நீ எங்க மறக்கப் போற."

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு பேச்சுக்கு வந்தார். "சரி, மூணு போகம் தர்றேன். மூணாவது தைக்கு, கீழ்வயல் நெல்லக் குத்தி, அந்த அரிசியில பொங்கல் வச்சு எனக்கு ஒரு கரண்டி போடு. போட்டுட்டா அந்தப் பக்கமே வரமாட்டேன். இல்லேன்னா ஜேசிபி வரும்."

"டீக் ஹை, சரி," என்றேன்.

பொங்கல் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அந்த வருடத்துப் புது நெல்லில்தான் பொங்கல். சுனாமிக்குப் பிறகு ரேஷன் அரிசியில் வைத்த வருடங்களில் அவள் பானை பொங்குவதைப் பார்க்கமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அண்ணனுக்கும் அது மறக்கவில்லை. கேலி பேசினாலும் அவர் மனதில் இருந்தது என் மனதில் இருந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

விதை பக்கத்து வங்காளிக் குடும்பத்திலிருந்து கிடைத்தது. அந்த வீட்டுக்காரம்மாவை நான் அவர்கள் பாஷையில் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வயல் மேட்டில் இருந்ததால் உப்பு ஏறவில்லை, பழைய நெல்லை அவர்கள் விடவுமில்லை. நாற்று விட்டு, கீழ்வயலிலும் மேல்வயலிலும் நட்டேன். தினமும் ட்யூட்டிக்குக் கிளம்புமுன் கீழ்வயலில் இறங்கி, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நல்ல மழை பெய்த மறுநாள் ரசத்தில் உப்புப் போட மறந்த மாதிரி இருக்கும். மூன்று நாள் மழை இல்லையென்றால் ஊறுகாய் மாதிரி.

புரட்டாசிக்குள் கீழ்வயல் வெளுத்துவிட்டது. இலை நுனி வெந்து, சுருண்டு, தூரோடு காய்ந்தது. மதகுப் பக்கம் மூலையில் மட்டும் பதினோரு தூர் பச்சையாக நின்றன. முழங்கால் உயரம். கதிர் என்று வந்தது என் சுண்டு விரல் நீளம். தீதி எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, யே தான் நஹி, காஸ் ஹை," என்றாள். இது நெல்லில்லையாம், புல்லாம். பார்க்க அப்படித்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. மேல்வயலில் அதே விதை என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துகொண்டிருந்தது.

முட்டாள்தனம் செய்தது இங்கேதான்.

எங்கள் வீட்டில் விதை எடுப்பது ஒரு சடங்கு மாதிரி. அறுப்புக்கு முன்னால் தலை குளித்துவிட்டு, வயலிலேயே செழிப்பான இடமாகப் பார்த்து நடுவில் இறங்க வேண்டும். வாளிப்பான கதிராகத் தேர்ந்து தனியாகக் கொய்ய வேண்டும். ஓரத்துக் கதிர் கூடாது, குட்டைக் கதிர் கூடாது, பதர் கலந்தது கூடவே கூடாது. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்பாள் அம்மா. விதைக் கதிரை எடுக்கும்போது அவள் யாரோடும் பேசமாட்டாள். நானும் அதேபோல் குளித்து, மேல்வயலின் நடுவில் இறங்கி, தங்கம் மாதிரி கதிராகப் பார்த்துக் கொய்தேன். பெருமையாக இருந்தது. மதகு மூலையில் நின்ற பதினோரு தூரை நான் அறுக்கக்கூட இல்லை. அதைப் போய் யார் அறுப்பார்கள்? நெல்லுக்குருவிகள் தின்றதுபோக மீதி உதிர்ந்து சேற்றில் விழுந்தது.

முதல் போகம் அப்படிப் போயிற்று. "ஏக்," என்று ஒரு விரலைக் காட்டினார் அண்ணன்.

இரண்டாம் வருடம் அந்தத் தங்க விதையைக் கீழ்வயலுக்கு நாற்று விட்டேன். நாற்று அடர் பச்சையாக, ஒரே சீராக எழும்பியது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நான் தீதியிடம் ஹிந்தியில் மொழிபெயர்த்தே சொன்னேன், அவ்வளவு தைரியம். நட்ட ஒரு மாதத்தில் முழு வயலும் வெளுத்தது. முதல் வருடமாவது முக்கால்வாசிதான் முதலில் போயிற்று, கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஒட்டுமொத்தமாக, அடுப்பில் வைத்து மறந்த மாதிரி வெந்தது.

அன்றைக்கு நான் ட்யூட்டிக்குப் போகவில்லை. போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, கரைமேல் உட்கார்ந்து வயலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனைத் திட்டினேன், கடலைத் திட்டினேன். செத்துப்போன அப்பாவையும் இந்த நிலத்தை வாங்கியதற்குத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு எழுந்தபோதுதான் மதகு மூலை கண்ணில் பட்டது.

அங்கே நான் நடவே இல்லை. எதுவும் வராத இடம் என்று விட்டிருந்தேன். அங்கே பச்சையாக, தாறுமாறாக, முப்பது நாற்பது தூர் நின்றன. முழங்கால் உயரம்தான். முதல் வருடம் உதிர்ந்து சேற்றில் விழுந்ததே, அதன் பிள்ளைகள். இறங்கிப் போய்ப் பக்கத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். வயலிலேயே உப்பு அதிகம் அங்கேதான். துப்பிவிட்டு அப்படியே சேற்றில் நின்றேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

பழைய நெல் என்பது ஒரே நெல்லில்லை. ஒரே பேரில் திரியும் ஒரு கூட்டம் அது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டுக்கு உப்பைத் தாங்கும் குணம் இருந்திருக்கிறது. நல்ல மண்ணில் அந்தக் குணத்துக்கு வேலையில்லை, அதனால் அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. உப்பு வந்தது, மற்றதைக் கொன்றது, அது நின்றது. எந்தச் செடியும் உப்பைப் பார்த்துப் பயந்து தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. மாற முடியாதது செத்தது, ஏற்கெனவே வேறாக இருந்தது பிள்ளை பெற்றது. இவ்வளவுதான் நடந்திருந்தது. நான் என்ன செய்தேன்? உப்பில் நின்றவர்களைப் புல் என்று குருவிக்கு விட்டுவிட்டு, உப்பையே பார்த்திராத மேல்வயல் மகாராணிகளைத் தேர்ந்தெடுத்து, குளித்து முழுகிக் கூட்டிக்கொண்டு போய் உப்பில் தள்ளினேன். வயல் எனக்கு விதை எடுத்துக் கொடுத்திருந்தது. நான் அதை மீறி வேறு விதை எடுத்தேன்.

அம்மா செய்தது தவறில்லை. அவள் வயலில் நல்ல கதிர்தான் நல்ல விதை. வயல் மாறிவிட்டது, வழக்கம் மாறவில்லை. அந்த ஒரு வருடம் எனக்கு அதற்கான அபராதம்.

வீட்டிலிருந்த கொசுவலை இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து அந்த மூலைக்குக் கூடாரம் போட்டேன். கப்பலிலிருந்து வந்த வீட்டுக்காரர் கொசுவலை எங்கே என்று கேட்டபோது நெல்லுக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். "எனக்கு?" என்றார். "உங்களக் குருவி தின்னாது," என்றேன். மார்கழியில் ஒவ்வொரு கதிராகக் கையால் கொய்தேன். தட்டிப் புடைத்துப் பார்த்தால் ஒரு சொம்பு நிறையவில்லை. அந்தத் தைக்கு அண்ணன் இரண்டு விரலைக் காட்டினார். நான் சொம்பைக் காட்டவில்லை.

மூன்றாம் வருடம் கீழ்வயலில் கீழ்வயல் விதை மட்டும்தான். சொம்பு விதைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு இடத்தில், நெருக்காமல் தனித்தனி நாற்றாக நட்டேன். சிலது வெளுத்தது, பெரும்பாலும் நின்றது. இடுப்பு உயரம்கூடச் சிலது வந்தது. அண்ணன் ஒருநாள் பார்க்க வந்தார். "என்ன இது, குட்டையும் கோணலுமா? இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டவர், கரைமேல் நெடுநேரம் நின்றார். போகும்போது மதகின் பலகையை ஆட்டிப் பார்த்து, "இது லூஸா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மெஷின்காரர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பௌர்ணமி ஏற்றமும் காற்றும் ஒன்றாக வந்தன. மத்தியானம் மதகுப் பலகை பெயர்ந்து, பக்கத்துக் கரை ஓர் ஆள் அகலத்துக்கு உடைந்தது. தீதி வீட்டிலிருந்து ஆள் வந்தது, லீவில் இருந்த என் வீட்டுக்காரர் வந்தார், மணல் மூட்டை போட்டு அடைத்தோம். உள்ளே வந்த கடல்நீர் வடிய மூன்று நாள் ஆனது. பிறகு ஒரு வாரம் நான் வயலைப் பார்க்கவே போகவில்லை. போனபோது பாதிக்கு மேல் செத்திருந்தது. மிச்சம் நின்றது.

அறுத்து, தட்டி, காயவைத்து அளந்தேன். ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய நெல். குத்தினால் ஒரு பானைப் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். விதைத்தால் அடுத்த வருடத்துக்குச் சரியாக இருக்கும்.

போகி அன்று பகல் முழுவதும் அந்தத் தூக்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சமையல்காரருக்கு உரிய யோசனை சொன்னார். "ஒரு கைப்பிடி குத்தி, ரேஷன் அரிசியோட கலந்து வச்சுடு. மச்சானுக்கு ஒரு கரண்டிதான."

நியாயமான யோசனைதான். ஒரு கைப்பிடியை அள்ளி முறத்தில் போடவும் போட்டேன். ஆனால் அந்தக் கைப்பிடியில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் முழுக் கடல்நீரில் கிடந்து பிழைத்தவற்றில், அடுத்த உடைப்பையும் தாங்கப்போவது எந்த மணி? பார்த்துச் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்துத்தானே ஒரு வருடத்தை இழந்தேன். குத்துகிற கைப்பிடியில் அது இருந்துவிட்டால்? முறத்தில் போட்டதைத் திரும்பத் தூக்கிலேயே கொட்டினேன்.

"அப்ப வேற அரிசிய வச்சுட்டு கீழ்வயல்னு சொல்லிடு. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"டிக்கெட் இல்லாத ஆளக் கப்பல்ல ஏத்தற வேல எனக்குத் தெரியாது," என்றேன். அவர் வெல்லம் உடைக்கப் போய்விட்டார்.

தை முதல் நாள் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பானை பொங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பொங்கி வழிவதை நின்று பார்த்தேன். அண்ணனுக்கு இலை போட்டேன்.

"கீழ்வயலா?" என்று கேட்டார்.

"இல்ல. ரேஷன்."

கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். "அப்ப?"

"தோத்துட்டேன்."

அண்ணன் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சுவரோரம் இருந்த தூக்கைப் பார்த்து அதில் என்ன என்றார். விதை என்றேன். எழுந்து போய் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு அள்ளிப் பார்த்தார்.

"நெல்லுதான இது. கீழ்வயல் நெல்லுதான? இத வச்சுக்கிட்டு ஏன் குத்தல?"

சொன்னேன். முதல் வருடத்துப் பதினோரு தூரிலிருந்து மணல் மூட்டை வரைக்கும் எல்லாவற்றையும், நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொன்னேன். முடிந்ததும் அவர் நெல்லைத் தூக்கில் கொட்டி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஒரு மணியையும் தட்டி உள்ளே விட்டு, மூடினார்.

"பேச்சு பேச்சுதான் பாப்பா. திங்கக்கெழமைக்கு ஜேசிபிக்குச் சொல்லிட்டேன்."

"வரட்டும். மேல்வயல்ல வெட்டு."

"என்னது?"

"மேல்வயல நீ எடுத்துக்கண்ணே. மழைத்தண்ணி நிக்கும், நல்ல மீனு வளரும். கீழ்வயல எனக்கு விட்டுடு."

"ஊர்ல அண்ணன் தங்கச்சி நல்ல நெலத்துக்கு அடிச்சுக்குவாங்க. நீ உப்புக்கு அடிச்சுக்கற."

"மேல்வயல்ல போட்டா இந்த வெதைக்கு உப்பு மறந்துரும். உப்புல போட்டாத்தான் உப்பத் தாங்குறது எதுன்னு தெரியும். கடல் இந்த வருஷம் கரைய ஒடச்சு வந்துச்சு. இன்னும் மேல வரும். அது மேல்வயலுக்கு வர்ற அன்னிக்கு, கையில இந்த வெதை இல்லாம மேல்வயல வச்சு என்ன பண்றது?"

அண்ணன் மேல்வயல் பக்கம் திரும்பினார். "அது அம்மா கீரை போட்ட எடம்," என்றார்.

"தெரியும்," என்றேன்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. நான் வேண்டுமென்றே முதல் பஸ்ஸிலேயே ட்யூட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பினபோது மேல்வயல் இல்லை. சிவப்பு மண் குவியலும் ஒரு பெரிய பள்ளமும் இருந்தன. அம்மா நட்ட கறிவேப்பிலை மரம் வேரோடு குப்புறக் கிடந்தது. போட்டதெல்லாம் தப்பாமல் விளைந்த நிலம், ஒருநாளும் என்னை ஏமாற்றாத நிலம். அதைக் கொடுக்கிறேன் என்றவளும் நான்தான், பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதவளும் நான்தான். இரண்டுமே உண்மை. அண்ணன் வண்டிக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. தோண்டிய மண்ணில் நாலு லோடை உப்பங்கழிக் கரையில் கொட்டச் சொல்லி, உடைந்த இடத்தை உயர்த்தியிருந்தார். மதகுக்குப் புதுப் பலகையும் அவரே அடித்திருந்தார். அதை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

அந்த வருட மழைக்குத் தூக்கு நெல் முழுவதையும் விதைத்தேன். தீதி வேலியோரம் வந்து நின்று, "தோடா மேரே கோ பீ தேனா," என்று தனக்கும் கொஞ்சம் கேட்டாள். புல் என்று சொன்னது நீதானே என்று கேட்க வாய் வரை வந்தது. அவர்கள் வயலின் தாழ்ந்த ஓரத்திலும் போன ஏற்றத்துக்கு உப்பு ஏறியிருந்தது. இரண்டு கைப்பிடி நாற்றுக் கொடுத்தேன். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கட்டும் என்ற கணக்கும் அதில் உண்டு.

கீழ்வயலில் அந்த வருடமும் ஒரு பகுதி செத்தது. செத்ததைப் பார்த்து நான் கரையில் உட்கார்ந்து திட்டவில்லை. எது சாகிறது என்று நடந்து பார்த்தேன், எது நிற்கிறது என்று பார்த்து, நிற்கிறதன் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். மார்கழியில் குளித்துவிட்டுத்தான் இறங்கினேன், அந்த வழக்கத்தை விடவில்லை. வயலிலேயே மோசமான இடமாகப் பார்த்து நடுவில் இறங்கி, குட்டைக் கதிராகத் தேர்ந்து கொய்தேன். யாரோடும் பேசவில்லை. தூக்கு போதாமல் ஒரு பானையும் நிறைந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், அந்தப் பானையின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தார். போன பொங்கலுக்கு வாயில் வைக்காமல் போனவர். இந்தத் தடவையும் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு இருக்கிறதே, ஒரு கைப்பிடி அவருக்காகக் குத்தினால் என்ன என்று என் மனமும் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மரைன் ஹில்லிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்த பையை வாசற்படியில் வைத்தார். உள்ளே கடையில் வாங்கிய பச்சரிசி.

"மனசு எளகி அந்த வெதையில கைய வச்சுடாத," என்றார். "அரிசி நான் கொண்டாந்துருக்கேன்."